கழனியும் காலனியும்: உழவில் பிறந்த ஒரு சொல்லின் கதை

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் ஏரிப் பாசனத்தை நம்பி இன்னும் நெல் பயிரிட்டு வரும் உழவர்கள், சொர்ணவாரிப் பட்டத்துக்கு நிலம் தயாரிக்கும் நாட்களில் மூன்று ஆங்கிலச் சொற்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். கழனியில் கல்டிவேட்டர் விட்டாயிற்று, விதை நேர்த்திக்குக் கல்ச்சர் பாக்கெட் வாங்க வேண்டும், நடவுக்குக் காலனியில் ஆள் சொல்லிவிட வேண்டும் என்பார்கள். டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் கருவி ஒன்று, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் ஒன்று, மக்கள் வாழும் இடம் ஒன்று. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை போலத் தோன்றும் இம்மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அந்த வேர் 'கோலெரே' என்னும் லத்தீன் வினைச்சொல்.

லத்தீன் என்பது பண்டைய ரோமானியர்களின் மொழி. பயிர்களுக்கும் பூச்சிகளுக்கும் விஞ்ஞானிகள் வைக்கும் பெயர்கள் பெரும்பாலும் அம்மொழியின் இலக்கணப்படியே அமைகின்றன. அதில் 'கோலெரே' என்பதற்கு நிலத்தை உழுது பண்படுத்துதல் என்பது ஒரு பொருள். ஓரிடத்தில் குடியிருத்தல் என்பது இன்னொரு பொருள். தெய்வத்தை வழிபடுதல், பேணுதல் என்பது மற்றொன்று. ரோமானியனுக்கு இவை மூன்று தனித்தனிச் சொற்களாகப் படவில்லை. ஓரிடத்தில் தங்கி, அந்த மண்ணைக் கவனித்து, அந்த இடத்துத் தெய்வத்தையும் கவனித்துக் கொள்வது ஒரே செயலின் பகுதிகளாகவே அவனுக்குப் பட்டன.

நம் ஊர் உழவருக்கு இது புதிய செய்தியாக இராது. சித்திரையில் பொன்னேர் பூட்டும்போது மாட்டுக்கும் கலப்பைக்கும் பொட்டு வைத்துப் படையல் இட்ட பிறகுதான் முதல் சால் விழும். உழவு எங்கே முடிந்தது, வழிபாடு எங்கே தொடங்கிற்று என்று அங்கே பிரித்துச் சொல்ல இயலாது.

மொழியறிஞர்கள் இன்னும் பின்னோக்கிச் சென்று, 'கோலெரே' என்பதற்கும் சமஸ்கிருதத்தின் 'சக்கரம்' என்பதற்கும் மூலம் ஒன்றே என்கிறார்கள். சுற்றுதல், சுழன்று வருதல் என்பது அம்மூலத்தின் பொருள். ஏர் மாடு வயலைச் சுற்றி வருவதால்தான் இப்பெயர் வந்தது என்று சொல்லிவிட ஆசையாக இருக்கும். ஆனால் ஓரிடத்தையே சுற்றிச் சுற்றி வருவதால் அங்கே வசித்தல் என்ற பொருள் பிறந்தது என்பதே அறிஞர்கள் தரும் விளக்கம்.

'ஏகர்' என்றால் லத்தீனில் வயல். நாம் அளவாகப் பயன்படுத்தும் ஏக்கர் என்ற சொல்லும் இதன் உறவே. வயலைப் பண்படுத்துவது 'அக்ரி குல்தூரா'. கி.மு. 160ஆம் ஆண்டு வாக்கில் கேட்டோ என்ற ரோமானியர் பண்ணை நடத்துவது பற்றி எழுதிய நூலுக்கு இதுவே பெயர். லத்தீன் உரைநடையில் முழுமையாக இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையது அந்த விவசாய நூல்தான் என்பதில் உழவர்கள் சற்றுப் பெருமைப்பட்டுக் கொள்ளலாம். ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த சிசரோ என்ற அறிஞர், எவ்வளவு வளமான நிலமும் உழாவிட்டால் விளையாது, மனமும் அப்படியே என்று கூறி, மனத்தை உழும் உழவே தத்துவம் என்றார். நாகரிகம், கலை என்ற பொருளில் இன்று வழங்கும் 'கல்ச்சர்' அங்கிருந்து வளர்ந்தது.

தமிழ் இவ்விடத்தில் லத்தீனோடு கைகோத்து நடக்கிறது. கல்ச்சர் என்பதற்குப் பண்பாடு என்ற சொல்லை வழங்கியவர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் என்று பேராசிரியர் வையாபுரிப்பிள்ளை குறிப்பிட்டிருக்கிறார். நிலத்தைப் பண்படுத்துவதும் மனிதன் பண்படுவதும் நம் மொழியிலும் ஒரே சொல்லின் இரு பக்கங்கள்தாம்.

கருவியும் நுண்ணுயிரும்

கல்டிவேட்டர் என்றால் நேர்பொருளில் பண்படுத்தி. தமிழில் கொத்துக் கலப்பை என்கிறோம். பெரும்பாலும் ஒன்பது கொத்துகளுடன் வில்சுருள் பொருத்தப்பட்டு வருகிறது. இது மண்ணைக் கிளறுமே தவிரப் புரட்டாது. ஆண்டாண்டாக ஒரே ஆழத்தில் இதையே ஓட்டிவந்தால், கொத்து முனை படும் ஆழத்துக்குக் கீழே மண் இறுகிக் கடினத் தட்டாகிவிடும். நெல் வயலில் அத்தகைய தட்டு தண்ணீர் கீழே இறங்காமல் காப்பதால் அதைக் குலைக்க வேண்டியதில்லை. நிலக்கடலை, பயறு போடும் மேட்டு நிலங்களிலோ வேர் கீழே போக வழியில்லாமல் பயிர் வாடும். அந்நிலங்களில் மூன்றாண்டுக்கு ஒரு முறை உளிக்கலப்பை கொண்டு அரை மீட்டர் இடைவெளியில் ஒரு திசையிலும், பிறகு அதற்குக் குறுக்காகவும் ஆழ உழ வேண்டும் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை.

அடுத்தது கல்ச்சர். பால் கஞ்சியில் உறை மோர் இடுவதைப் போல, தேவையான நுண்ணுயிரைத் தனியே பிரித்து, உணவூட்டிப் பெருக்கி எடுப்பதை விஞ்ஞானிகள் கல்ச்சர் என்கிறார்கள். இதுவும் ஒரு சாகுபடிதான். வயலுக்குப் பதில் கண்ணாடித் தட்டு, விதைக்குப் பதில் பாக்டீரியா. ரைசோபியம், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஆகியவை இவ்வாறு வளர்த்துத் தரப்படுபவை.

இவற்றின் தரத்தை அறியும் முறையில்தான் மூன்றாவது சொல் வந்து சேர்கிறது. பாக்கெட்டிலுள்ள கல்ச்சரைத் தண்ணீரில் பல மடங்கு கரைத்து, ஒரு சிறு துளியைக் கண்ணாடித் தட்டிலுள்ள கூழின் மீது பரப்பி வைப்பார்கள். உயிருள்ள ஒவ்வொரு பாக்டீரியாவும் தான் விழுந்த இடத்திலேயே பெருகி, சில நாட்களில் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகிவிடும். அந்தப் புள்ளிக்குப் பெயர் 'காலனி'. புள்ளிகளை எண்ணிக் கணக்கிட்டால் பாக்கெட்டில் எத்தனை உயிர் இருந்தது என்பது தெரியும். உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, தூள் வடிவில் வரும் கல்ச்சரில் கிராமுக்குக் குறைந்தது 5 கோடியும், திரவ வடிவில் மில்லி லிட்டருக்குக் குறைந்தது 10 கோடியும் உயிருள்ள பாக்டீரியாக்கள் இருக்க வேண்டும். வெயிலில் கிடந்த பாக்கெட்டும் கெடு தேதி கடந்த பாக்கெட்டும் வெறும் கரித்தூளே ஆகும். வாங்கும்போது தேதியைப் பார்ப்பதோடு, கடையில் அது எங்கே வைக்கப்பட்டிருந்தது என்றும் பார்த்துக் கொள்வது நல்லது.

நெல்லுக்கு, எக்டேருக்குத் தேவையான விதையை 200 கிராம் கொண்ட 5 பாக்கெட் அசோஸ்பைரில்லமும் 5 பாக்கெட் பாஸ்போபாக்டீரியாவும் கலந்த தண்ணீரில் ஓரிரவு ஊற வைத்து விதைக்கலாம். வடித்த தண்ணீரை வீணாக்காமல் நாற்றங்காலில் ஊற்றிவிட வேண்டும். பூஞ்சாணக் கொல்லி கலந்த விதையாக இருந்தால் 24 மணி நேரம் கழித்த பின்னரே கல்ச்சர் கலக்க வேண்டும்.

காலனி என்ற குடியேற்றம்

'கோலெரே' செய்பவன் 'கொலோனுஸ்'. நிலத்தில் தங்கி உழுபவன் என்று பொருள். நம்முடைய குடியானவன் என்ற சொல் இதற்கு அப்படியே பொருந்தும். அதிலும் குடியிருப்பும் உழவும் பிரியாமல் நிற்கின்றன. கொலோனுஸ்கள் கூடிக் குடியேறிய ஊர் 'கொலோனியா'.

ரோம் வென்ற நிலங்களில் தன் குடிமக்களையும், பிற்காலத்தில் ஓய்வு பெற்ற படைவீரர்களையும் குடியேற்றி, ஆளுக்கு இவ்வளவு நிலம் என்று அளந்து கொடுத்தது. கி.மு. 329இல் இத்தாலியின் கடற்கரையில் அமைந்த ஒரு கொலோனியாவில் 300 பேருக்குத் தலைக்கு இரண்டு 'யூகெரும்' வழங்கப்பட்டதாக ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதியிருக்கிறார். ஓர் ஏர் மாடு ஒரு நாளில் உழக்கூடிய பரப்பே ஒரு யூகெரும். நம் கணக்கில் ஏறத்தாழ 62 சென்ட். இரண்டு யூகெரும் என்பது ஒன்றேகால் ஏக்கர் ஆகிறது. செங்கல்பட்டுச் சீமையின் பழைய அளவான காணி 1.32 ஏக்கர். ஒரு குடும்பத்துக்கு வேண்டிய நிலம் எவ்வளவு என்பதில் இரண்டு நாட்டாரின் கணக்கும் எவ்வளவு அருகில் வந்து நிற்கிறது பாருங்கள்.

ஜெர்மனியில் உள்ள கொலோன் நகரம் கி.பி. 50இல் இவ்வாறு கொலோனியா ஆக்கப்பட்ட ஊரே. பழைய பெயர் இன்னும் ஒட்டிக் கொண்டிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரின் பெயரும் ஒரு குடியேற்றத்தின் பெயர்தான். தலபுராணம் பூதபுரி என்று கூறினாலும், பெரும் புதூர் என்ற சொல்லமைப்புக்குப் பெரிய புதிய ஊர் என்பதே பொருள். 1017இல் ஸ்ரீ ராமானுஜர் அவதரித்தபோதே 'புதூர்' என்று வழங்கிய ஊருக்கு, ஆயிரம் ஆண்டு கழித்து மீண்டும் ஒரு புதுக் குடியேற்றம் வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கியது. பிறகு ஒரகடம், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் என்று சிப்காட் தொழிற்பேட்டைகள் விரிந்தன. வல்லம் வடகாலில் 18,720 தொழிலாளர்கள் தங்கக்கூடிய குடியிருப்பு வளாகம் 2024 ஆகஸ்ட் மாதம் திறக்கப்பட்டது. 'கோலெரே' என்ற சொல்லின் குடியிருத்தல் என்ற பொருள் இவ்வட்டாரத்தில் வளர வளர, உழுதல் என்ற பொருள் ஏரிக்கரையோரமாக ஒதுங்கி வருகிறது.

சொல்லின் கதை ரோமிலேயே ஒரு முறை தலைகீழாயிற்று. முதலில் கொலோனுஸ் தன் நிலத்தைத் தானே உழுதவன். பின்னர் பெரும் பண்ணைகள் பெருகியபோது, அந்தப் பெயர் பிறர் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவனைக் குறிக்கலாயிற்று. கி.பி. 332இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் பிறப்பித்த சட்டம் அவனைப் பண்ணையோடு கட்டிப் போட்டது. தப்பியோட எண்ணியவனுக்கு விலங்கு பூட்டவும் அச்சட்டம் இடம் கொடுத்தது. நிலம் உடையவனைக் குறித்த சொல், நிலத்துக்கு உடைமையானவனைக் குறிப்பதாக மாறிற்று.

ஐரோப்பியர் கடல் கடந்து நாடு பிடித்தபோது அந்நாடுகளுக்குக் காலனி என்று பெயரிட்டனர். அங்கே உழுதவர் ஒருவர், விளைவை எடுத்துச் சென்றவர் வேறொருவர். எனினும் நிலம் தந்து குடியேற்றுவது என்ற பழைய பொருளும் அடியோடு மறைந்து விடவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சென்னை மாகாண அரசு வயநாட்டில் முன்னாள் படைவீரர்களுக்கு நிலம் வழங்கிக் குடியேற்றியது. கிட்டத்தட்ட ரோமானியர் செய்ததேதான். இலங்கையில் 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் நீரும் நிலமும் வீடும் சேர்த்துக் கொடுத்து அமைத்த ஊர்களை அங்குள்ள தமிழர்கள் கொலனி என்றே அழைக்கிறார்கள். யாரை எங்கே குடியேற்றுவது என்பதில் எழுந்த மனக்கசப்பு அங்கு வேறு கதை.

தமிழ்நாட்டுச் சிற்றூருக்கு இச்சொல் வந்து சேர்ந்த விதம் வேறு. ஊர் என்று ஒரு பகுதி, சேரி என்று தள்ளி ஒரு பகுதி. ஆதிதிராவிட மக்களுக்கு அரசு மனைப்பட்டாவும் தொகுப்பு வீடுகளும் கட்டித் தந்த இடங்களுக்குக் காலனி என்று பெயரிட்டார்கள். சேரி என்ற சொல்லின் இழிவைத் துடைக்க வந்த புதுச் சொல்தான் அது. ஆனால் பெயர் மாறிற்றே தவிரப் பார்வை மாறவில்லை. நாளடைவில் புதுச் சொல்லின் மேலும் பழைய அழுக்கு படிந்துவிட்டது. நகரத்தில் ஆசிரியர் காலனி, ரயில்வே காலனி என்று கதவில் பெருமையோடு எழுதி வைக்கும் அதே சொல், கிராமத்தில் ஒருவரை எந்தச் சாதி என்று கண்டுபிடிக்கும் கேள்வியாகிவிட்டது. சிலர் இதைக் 'காலணி' என்று எழுதியும் விடுகிறார்கள். அது செருப்பு. இந்தப் பிழையைச் சாதாரண எழுத்துப் பிழையாக எடுத்துக்கொள்ள அங்கு வாழ்பவரால் எப்படி முடியும்?

2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் திரு. மு.க. ஸ்டாலின், காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொது வழக்கிலிருந்தும் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆதிக்கத்துக்கும் தீண்டாமைக்கும் அடையாளமாக அச்சொல் மாறிவிட்டது என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். உழுபவன் என்ற மூலப் பொருளை எடுத்துக் காட்டி, அதில் இழிவில்லையே என்று வாதிடுவோர் உண்டு. அகராதியில் அது சரி. தேநீர்க் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் அச்சொல்லால் புண்பட்டவருக்கு லத்தீன் அகராதி மருந்தாகாது.

கழனி என்பதும் காலனி என்பதும் ஒலியில் நெருங்கி இருப்பதால் உறவு என்று எண்ணிவிடக் கூடாது. கழனி பழந்தமிழ்ச் சொல். ஆயினும் இவ்வட்டாரத்தில் கழனியில் நாற்று நட்டுக் களை பறித்துக் கதிர் அறுத்தவர்களில் பெரும்பாலோர் காலனியில் வாழ்ந்தவர்களே. கழனி அவர்கள் பெயரில் இல்லை.

நிலம் பிரிந்த வரலாறு

அது ஏன் என்பதற்குச் செங்கல்பட்டு மாவட்டத்தின் பழைய பதிவேடுகளில் விடை உண்டு. ஸ்ரீபெரும்புதூரும் அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. காணி என்பது அளவு மட்டுமன்று, உரிமையும் ஆகும். காணியாட்சி உடையவர்கள் மிராசுதார்கள். தரிசு நிலத்தை வேறு யாரேனும் பட்டாவுக்குக் கேட்டாலும், முதல் உரிமை தமக்கே என்று மிராசுதார் சொல்ல முடிந்தது. படியாளாக உழைத்தவர்களுக்குக் குடிசை இருந்த மனையும் சொந்தமில்லை. எதிர்த்துப் பேசினால் வெளியேற வேண்டியதுதான்.

மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இருந்த டிரமென்ஹீர் என்ற ஆங்கிலேய அதிகாரி, இந்நிலையை 1891இல் விரிவான அறிக்கையாக எழுதி அரசுக்கு அனுப்பினார். அதன் விளைவாக 1892இல், ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிலம் ஒப்படைக்க அரசு ஆணையிட்டது. இவையே பஞ்சமி நிலம் என்றும், டி.சி. நிலம் என்றும் வழங்கப்படுபவை. உழுபவனுக்கு நிலம் அளந்து கொடுத்த அந்த ஆணை, கொலோனியா என்ற சொல்லின் முதற் பொருளுக்கு மிக அருகில் வந்தது எனலாம். ஒப்படைப்புக்கு நிபந்தனை உண்டு. முதல் பத்தாண்டுகளுக்கு நிலத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் செய்யவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே மாற்றலாம். மீறினால் அந்த மாற்றம் செல்லாது. அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக் கொள்ளலாம்.

நிபந்தனை காகிதத்தில் இருக்க, நிலம் பல இடங்களில் கை மாறிப் போயிற்று. அவற்றை மீட்கக் கோரிய போராட்டத்தின்போது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தனர்.

தொழிற்சாலைகளும் மனைப்பிரிவுகளும் நிலம் தேடும் இவ்வட்டாரத்தில் இது பழங்கதை அல்ல. நிலத்தின் விலை ஏற ஏற, தரகர்கள் கொண்டுவரும் பத்திரங்களும் பெருகும். வில்லங்கச் சான்றில் குறை ஏதும் இல்லை என்று காட்டுவார்கள். வில்லங்கச் சான்றில் பதிவான கிரயமும் அடமானமும்தான் தெரியுமே தவிர, நிலம் முதலில் எந்த நிபந்தனையில் ஒப்படைக்கப்பட்டது என்பது தெரிய வேண்டிய அவசியமில்லை. ஆகவே தாத்தா காலத்து நிலம் டி.சி. நிலமாக இருக்கலாம் என்று கருதும் குடும்பத்தார், கிராம நிர்வாக அலுவலகத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ அந்தச் சர்வே எண்ணுக்குரிய 'அ' பதிவேட்டைப் பார்க்க வேண்டும். இப்போதைய பதிவேட்டில் குறிப்பு இல்லை என்பதோடு நின்றுவிடாமல், 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பதிவேட்டையும் பார்ப்பது அவசியம். நேரில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

வாங்குபவருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சேமிப்பைப் போட்டு மனை வாங்கியபின் நிபந்தனை நிலம் என்று தெரியவந்தால், பத்திரம் கையில் இருந்தும் பயனில்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பழைய 'அ' பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட வேண்டும். அதைக் காட்டத் தயங்குபவரிடம் பேச்சைத் தொடராமல் விடுவதே மேல்.